பதினாறாம் நொடி

அட்டகாமா மலையுச்சி. பகல்.
குவிமாடம் மூடிக்கிடக்கிறது.
மாறாத ஒரு விளக்கின் முன்
அகச்சிவப்புக் கேமராவைத் திறந்து திறந்து மூடுகிறாள்
ஒர்த்தென்சியா.

இரண்டு நொடிக்கு நாலாயிரம்.
நான்குக்கு எட்டு.
எட்டுக்குப் பதினாறு.
பிசகில்லை.

பதினாறுக்கு
முப்பத்திரண்டாயிரம் வரவேண்டும்.
இருபத்தொன்பதுதான் வந்தது.

விளக்கு சோர்ந்ததோ?
மறுபடி இரண்டு நொடி.
அதே நாலாயிரம்.

நிறைகுடம் தளும்பாதாம்.
இதுவோ
நிறைய நிறையக் குறைத்துச் சொல்கிறது.

திரவ நைட்ரஜன் ஊற்ற வந்த எலியோதோரோ
திரையில் குனிந்துவிட்ட கோட்டைப் பார்த்து
கையுறையோடு தலையைச் சொறிகிறான்.
"கெட்டுப்போச்சா?"

"இல்ல. எவ்வளவு தாங்கும்னு
இப்பதான் சொல்லுது."

இருபதாயிரத்தில் சிவப்புக் கோடொன்று இழுக்கிறாள்.
இன்றிரவு
பிரகாசமான விண்மீன்களை எல்லாம்
அரைநொடி அரைநொடியாகத்தான்
பார்க்கவேண்டும்.

குழாய் நுனியில் வெண்புகை.
அவன் இன்னும் ஊற்றிக்கொண்டிருக்கிறான்.