இடது செவி

களியக்காவிளை முக்கில்
ஜெஸ்டஸ் கடைக் கண்ணாடி மேசையில்
இன்-இயர் மானிட்டர், மூன்று ஜோடி, மூன்று விலை.

முதலாவதில் பேஸ் கனம்.
தவில் நெஞ்சில் விழுகிறது, சரி;
விளையாட்டில் ஒருத்தன் மாடிப்படி ஏறி வந்தது
செத்த பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது கறார்.
புல்லில் வைக்கும் காலடிகூடக் கேட்கும்.
பாட்டைப் போட்டால்
பாடுகிறவளின் எலும்பு மட்டும் பாடுகிறது.

மூன்றாவதில்
இடது ரப்பர் நிற்கவே இல்லை.
"ஒனக்க எடது செவி சின்னதாக்கும் மக்களே"
ஜெஸ்டஸ் டப்பாவைக் கிண்டுகிறார்.
வலதில் ஷிஜின்,
ஏழு மாதக் கூட்டாளி, முகம் தெரியாதவன்,
கத்துகிறான்:
"பின்னில்! பின்னில்!"

அப்போது செக்போஸ்டில்
மீன் லாரி ஒன்று
நீளமாக ஹாரன் அடித்தது.
திறந்த இடது செவியில் ஒரு தடவை.
அரை நொடி தள்ளி
வலதில், அவன் மைக் வழியாக,
அதே ஹாரன்.

கொல்லத்துப் பக்கம் என்றல்லவா
சொல்லியிருந்தான்.

சின்ன ரப்பரை நீட்டுகிறார் ஜெஸ்டஸ்.
வேண்டாம், இப்படியே பொதிஞ்சு தாங்க
என்கிறேன்
திரும்பிப் பார்க்காமல்.