என் வலம், உங்கள் இடம்

என் கூடையில் இன்று பதினொரு பேரின் பற்கள்.
வெள்ளைச் சாந்தில் வார்த்த அச்சுகள்,
டப்பா டப்பாவாய், பெயர் ஒட்டி.
ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில்
மணி எட்டுக்குள் சேர்க்க வேண்டும்.

நீகாதாவில், சினானோ ஆற்றங்கரைப் பாதை
நடப்பவருக்கும் சொந்தம், மிதிப்பவருக்கும் சொந்தம்.
யாரும் கோடு கிழித்துத் தரவில்லை.
நீலப் பலகையில் ஒரு பெரியவர், ஒரு பிள்ளை, ஒரு சைக்கிள்.
அவ்வளவுதான் ஒப்பந்தம்.

கைப்பிடியில் மணி உண்டு.
அடிப்பதில்லை.
நடப்பவர் முதுகில் மணி அடிப்பது
தூங்குபவரின் போர்வையை உருவுவது போல.
சட்டமும் அதையே சொல்கிறது, கொஞ்சம் கறாராக.

ஆறு வருடமாய் எனக்காகப் பேசியது
பின்சக்கரத்து பிரேக்.
லேசாய் ஓர் அழுத்து.
கீ...ச்.
குடைகள் ஒதுங்கும்.
பள்ளிக்கூடத்துப் பெண்கள் பேச்சை நிறுத்தாமலே
ஓரம் சாய்வார்கள்.
நாய்கள் எஜமானரை இழுத்துக்கொண்டு விலகும்.
யாரும் யாரையும் கேட்டதில்லை.
அந்தக் கீச்சுக்குள் ஒரு மன்னிப்பு இருக்கிறதென்று
நானே நம்பியிருந்தேன்.

போன சனிக்கிழமை ஹொகாரியின் கடையில்
சங்கிலிக்கு எண்ணெய் விடக் கொடுத்தேன்.
நல்ல மனிதர். கேட்காமலே
பிரேக்கையும் மாற்றிவிட்டார்.
"இனி வெண்ணெய் மாதிரி நிற்கும்" என்றார்.
காசு வாங்கவில்லை.
குனிந்து நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல?

திங்கட்கிழமை பேய் மாதிரிப் போனேன்.
ஒருவரின் தோள் துள்ளியது.
ஒருவரின் காபி சட்டையில்.
ஒரு குழந்தையின் தொப்பிக்கும் என் முழங்கைக்கும் நடுவே
ஒரு விரற்கடைக் காற்று.
அவன் அப்பா என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

சுமிமாசேன்.
மன்னிக்கவும், நன்றி, கொஞ்சம் வழி:
மூன்றுக்கும் இங்கே அந்த ஒரே சொல்தான்.
ஊரார் பல்லையெல்லாம் செய்கிறவன் நான்,
என் பல்லைத் திறக்க வரவில்லை.
தொண்டை வரை வரும்.
அதற்குள் பாலத்து நிழல் வரும்,
ஆள் போய்விடுவார்.
புதனும் வியாழனும்
இறங்கித் தள்ளிக்கொண்டே நடந்தேன்.
எட்டு இருபது என்று ஆஸ்பத்திரியில் குறித்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை
எதிரே ஒரு பெண்மணி வருகிறார் என்று நினைத்தேன்.
முகம் தெரிகிறது,
வரவேண்டிய வேகத்தில் வரவில்லை.
கிட்டே போன பிறகுதான் புரிந்தது:
பின்னோக்கி நடக்கிறார்.
முழங்கால் வலிக்கு நல்லதாம்.

ஆறு வருடத்தில் முதல்முறையாக
நான் பின்னால் வருவதை ஒருவர்
முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போங்க, போங்க. நீங்க வருவது தெரிகிறது" என்று கை வீசினார்.
"நான் போவதுதான் தெரியவில்லை."

அவர் குதிகாலுக்கு நாலு எட்டில்
நேற்றைய மழை, பாதையின் பாதி அகலத்துக்கு
வானத்தை வைத்துக்கொண்டு கிடந்தது.

வாய் தானாகத் திறந்தது.
"தண்ணீர்! உங்கள் இடப்பக்கம் ஒதுங்குங்க."
ஒரு கணமும் தடுமாறவில்லை.
வாய் திறந்து எதிரே இருப்பவரின் இடம்
பார்ப்பவனுக்கு வலம்;
என் பிழைப்பே அந்தக் கணக்குதான்.

நண்டு மாதிரி நகர்ந்தார்.
நான் குட்டைக்குள்ளேயே விட்டேன், மெதுவாக,
பதினொரு வாய்களும் கூடையில் கடகடக்க,
காலுறை நனைய.
பக்கத்தில் வந்தபோது
அந்தச் சொல்லும் வந்துவிட்டது,
கீச்சென்று, பழைய பிரேக் போல.

அவர் சிரித்தார்.
மேல்வரிசையில், அவருக்கு இடம், எனக்கு வலம்,
ஒரு பல் இல்லை.
அந்த இடைவெளியில்
காற்று தாராளமாகப் போய் வந்தது.