பதினோரு அழுத்தல்

கேமரா வைத்த போன் உள்ளே போகாது என்று
சிப்காட் வாசலில் ஞானப்பிரகாசம் திருப்பி அனுப்பிய அன்று
முதுநகர் நூருல்லா கடையில்
நானூற்றைம்பதுக்கு இதை வாங்கினேன்.
ஒல்லிப் பின் சார்ஜருக்குத் தனியாக அறுபது.

"திறக்க இடது பொத்தான், உடனே நட்சத்திரம்.
ரெண்டுக்கும் நடுவுல யோசிக்காதீங்க."
அவ்வளவுதான் சொன்னார்.
யோசித்தால் திறக்காது, வாஸ்தவம்தான்.

பச்சையில் எடு, சிவப்பில் வை.
சிவப்பைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால்
போனே அணைந்துவிடும்.
மேஸ்திரியை அப்படி இரண்டு தடவை அணைத்திருக்கிறேன்,
ஒரு தடவை தெரியாமல்.

எண்கள் எல்லாம் தேய்ந்தவை.
ஒன்பது இருந்த இடத்தில் ஒரு வெளுப்பு.
ஐந்தின் மேல் மட்டும்
கடுகளவு மேடு.
சாயப் பிரிவில் மஞ்சள் ஏறிய என் கட்டைவிரல்
இருட்டில் அங்கே போய் நின்று
மற்ற எண்களுக்கு வழி கேட்டுக்கொள்ளும்.

சிம் என்னுடையது.
போனின் வயிற்றில் முந்தைய ஆள் இருந்தார்:
ஜல்லி கோபால். பால்காரம்மா.
அக்கா புது நம்பர்.
அக்கா புது நம்பர் ரெண்டு.
அனுப்பாமல் விட்ட ஒரு செய்தி, 'அம்மாகிட்ட சொல்லாத'.
தினமும் விடிகாலை நாலு பத்துக்கு ஓர் அலாரம்.
அணைத்து வைத்தாலும் தானாக எழுந்து கத்தும்.
எந்த பஸ்ஸுக்கோ எந்த மாத்திரைக்கோ.
வேதவல்லி நிறுத்தச் சொன்னாள்.
மெனுவில் தேடியதாகச் சொன்னேன்.

எங்களுக்குள் பேச்சு பெரும்பாலும் காசில்லாதது.
அவள் ஒரு மணி அடித்து வைத்தால்
சோறு வடித்தாயிற்று.
இரண்டென்றால் தண்ணி லாரி வந்திருக்கிறது.
மூன்றுக்கு எடுத்தே ஆகவேண்டும்.

எழுதுவதற்குத்தான் விரல் நோகும்.
இதில் தமிழ் எழுத்து வராது, இங்கிலீஷ் எழுத்தில்தான்.
'வரேன்' என்பதற்கு
எட்டு மூன்று தரம், இரண்டு ஒரு தரம்,
ஏழு மூன்று, மூன்று இரண்டு, ஆறு இரண்டு.
பதினொன்று.
'வரல' என்பதற்குப் பன்னிரண்டு.
வராமல் இருக்க ஓர் அழுத்தல் அதிகம்
என்று ஷிப்டில் யாரிடமோ சொல்லிச் சிரித்தேன்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
மூன்றாம் ரியாக்டரில் வால்வு கசிந்தது.
பூண்டு அழுகியது மாதிரி ஒரு வாடை.
சைரன்.
"போனை எல்லாம் அணைங்கய்யா, ஒரு பொறி போதும்."
நான் ஷெட்டுக்கு வெளியில்தான் நின்றிருந்தேன்.
இன்னும் நாலு மணி நேரமாவது ஆகும் என்று
பன்னிரண்டு அழுத்தி அனுப்பிவிட்டு
சிவப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்,
வெளிச்சம் போகும்வரை.

குடிகாடு சுவருக்கு அந்தப் பக்கம்தான்.
சைரன் அவளுக்கும் கேட்டிருக்கும்.
சைரனுக்குப் பிறகு
'வரல' என்று ஒரு வார்த்தை போனால்
என்னவென்று படிப்பாள்?
இது எனக்குத் தோன்றவே இல்லை.
மணல் மூட்டை தூக்கினேன்.
தலை எண்ணினார்கள், இரண்டு தரம்.
கண் எரிந்தது.
கேட்டுக்கு வெளியே உட்கார வைத்து
ஆளுக்கொரு மோர் பாக்கெட் கொடுத்தார்கள்.

அப்போதுதான் சட்டைப்பையில்
யாருடைய நாலு பத்தோ அடித்தது.
எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.
திரை கேட்டது: போனை இயக்கவா?
ஆம்.

தவறிய அழைப்புகள் பதினேழு என்று ஒரு தகவல்.
பின்னாலேயே இன்னொன்று:
இடமில்லை, எதையாவது அழிக்கவும்.
விளம்பரங்களைப் போன வாரமே கழுவிவிட்டேன்.
'அம்மாகிட்ட சொல்லாத' மேல் அம்புக்குறி நின்றது.
தாண்டினேன்.
நான் அனுப்பிய 'வரல'வை அழித்தேன்.
அழிக்கவா என்று மறுபடி கேட்டது,
ஆம் என்றேன், ஆம்.

பேட்டரியில் ஒரே கோடு.
எட்டு எட்டு எட்டு. இரண்டு.
கை நடுங்கியதில் ஏழு நாலு தரம் விழுந்துவிட,
பின்னால் வந்து மறுபடி மூன்று.
அனுப்பு.

உப்பனாற்றுப் பக்கம் இன்னும் இருட்டு.
ஞானப்பிரகாசம் டீ வாங்க ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.
நாலு இருபதுக்கு
ஒரே ஒரு மணி அடித்து
நின்றது.