காசு போட வேண்டாம்

செய்தித்தாள் நின்று ஆறு வருடம்.
பெட்டி மட்டும் நின்றுகொண்டிருந்தது
கெண்டக்கி மலைக்குள் எங்கள் சலவைக்கடை வாசலில்,
காசுத் துளையில் யாரோ மென்று ஒட்டிய சூயிங்கத்தோடு.

லோரீன் ஸ்டில்ட்னர் அதற்கு மஞ்சள் பூசினாள்.
இறுகிப்போன கதவை எண்ணெய் விட்டுப் பழக்கினாள்.
தலைப்புச் செய்தி தெரிந்த கண்ணாடிக்குப் பின்னால்
இப்போது நலோக்சோன்:
மூக்கில் வைத்து அழுத்தும் வெள்ளைக் குழல்கள்,
அட்டைக்கு இரண்டாக.
மேலே தடித்த பேனாவில் எழுதினாள்:
காசு போட வேண்டாம். பெயர் சொல்ல வேண்டாம்.

எனக்குப் பிடிக்கவில்லை.
இரவு முழுக்க அங்கே இருப்பவன் நான்தானே.
துணி துவைக்க வருபவர்கள் போதாதா என்று இருந்தது.

ஊர்மன்றக் கூட்டத்தில் கர்டிஸ் வான்ஹூஸ் எழுந்தார்:
"காப்பாற்ற ஆள் இருக்கிறது என்றால்
விழுகிறவன் இன்னும் உயரத்திலிருந்து விழுவான்."
லோரீன் கேட்டாள்:
"உங்கள் இரும்புக்கடையில் தீயணைப்பான் விற்கிறீர்களே,
வாங்கிப்போனவர்கள் எல்லாம்
வீட்டுக்கு நெருப்பு வைத்துப் பார்த்தார்களா?"
சிரித்தவர்களில் நானும் உண்டு.
ஆனாலும் மனதுக்குள் அவர் பக்கம்தான் இருந்தேன்.
நாலுக்கு மூன்று. பெட்டி பிழைத்தது.

டிசம்பரில் ஒரு செவ்வாய்,
கூரை வேலைக்குப் போகும் பையன் ஒருவன்
ஒன்பதாம் நம்பர் டிரையரில் முதுகு சாய்த்துக் குறட்டை விட்டான்.
குறட்டை என்றுதான் நினைத்தேன்.
துடைப்பத்தோடு கிட்டே போனால்
உதடு நாவல்பழம் தின்ற நிறம். நகமும்.
நெஞ்செலும்பில் முட்டியால் தேய்த்தேன். கத்தினேன்.
ஓடினேன். கதவு ஒரே இழுப்பில் திறந்தது.
தலையைச் சாய்த்து, ஒரு நாசியில், அழுத்து.
டிரையருக்குள் யாருடைய சட்டைப் பொத்தானோ
சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டிருந்தது.
எழுபது தட்டுவரை எண்ணினேன். பிறகு எண் மறந்துவிட்டது.
அடுத்த நாசி. அழுத்து.

எழுந்தவன் நன்றி சொல்லவில்லை.
என் அம்மாவை இழுத்துத் திட்டினான்,
என் செருப்பில் வாந்தி எடுத்தான், மறுபடி திட்டினான்.
திட்டுவதற்கு எவ்வளவு மூச்சு வேண்டியிருக்கிறது!

போகிறேன் என்றான். விடவில்லை.
இது கைமாற்று, தம்பி, சில சமயம் அரைமணிக்குக்கூட வராது.
மருந்து இறங்கினால் அது மறுபடி ஏறும்.
ஆம்புலன்ஸ் இருபத்திரண்டு மைல் தாண்டி வரும்வரை
இருவரும் நாலாம் நம்பர் மெஷினில்
யாருடைய போர்வையோ நுரைப்பதைப் பார்த்திருந்தோம்.

ஜனவரிப் பனியில், ராத்திரி இரண்டு மணிக்கு,
விளக்கை அணைத்தபடி ஒரு டிரக் வந்து நின்றது.
பின்னால் பெயின்ட் டப்பாக்கள், ஓர் ஏணி.
இறங்கியவரிடம் துவைக்கத் துணி இல்லை.
தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு
பழைய செய்தித்தாள் படிப்பவர் போலப்
பெட்டி முன்னால் நின்றார்.
அண்ணாந்து மேலே எரிந்த பல்பைப் பார்த்தார்.
திரும்பிப் போய்விட்டார்.

யார் என்று எழுதமாட்டேன்.
பெட்டியிலேயே எழுதியிருக்கிறதே.

மறுநாள் ஸ்டூல் போட்டு ஏறிப் பல்பைக் கழற்றினேன்.
அன்றிரவு கண்ணாடிக்கு முதுகைக் காட்டி,
மடிக்க வேண்டாத துண்டுகளை மடித்தேன்.
கதவு திறக்கும் சத்தம் கேட்டது.
எண்ணெய் போட்ட கதவுதான், ஆனாலும் கேட்டது.
விடிந்து எண்ணினால் மூன்று அட்டை குறைவு.
மூன்று! வீட்டில் எத்தனை அறையோ,
எந்த அறைக்கு எதுவோ.

மார்ச்சில் மறுபடி வாக்கெடுப்பு.
கர்டிஸ் வான்ஹூஸ் வரவில்லை.
இருமல் என்றார்கள்.

"பல்பு போய்விட்டதா?" என்றாள் லோரீன்.
ஆமாம் என்றேன்.
புதிது வாங்கி வந்தாள். ஹோல்டரே கெட்டுவிட்டது என்றேன்.
என்னைப் பார்த்தாள், இருட்டுப் பெட்டியைப் பார்த்தாள்,
பல்பைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அந்த வாரத்திலிருந்து
மூன்று அதிகமாக வைக்கிறாள்.