புள்ளிக்குப் பின்னால்

கோத்தகிரியில் ராத்திரி இரண்டே கால்.
கரண்ட் இல்லை. மடிக்கணினியில் பதினேழு சதவீதம்,
செல்போனில் ஒரு கோடு சிக்னல்.
பெங்களூரிலிருந்து பிரத்யுஷ் என்று ஒருவர்:
அவசரம். எங்கள் வாடிக்கையாளரின் தேயிலை ஆலையில்
வாசல் தராசுக்கும் வாட்டும் தொட்டிக்கும்
கணக்கு இடிக்கிறது.
உங்கள் நிரலில்தான் என்று நினைக்கிறோம்.
தயவுசெய்து.

தராசு சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளும்
நானூறு வரிகள்.
வேலை போன ஒரு மழைக்காலத்தில் எழுதி
எல்லோருக்கும் என்று வைத்தேன்.
எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம்.
விற்றார்கள்.
மேலே ஒரு பச்சை முகப்பு,
ஒரு பூட்டு,
ஆண்டுச் சந்தா.

எந்த ஆலை என்று கேட்டேன்.
ரகசியம் என்றார்.
அவர் அனுப்பிய திரைப்படத்தின் மூலையில்
அழிக்க மறந்த ஒரு ரசீது:
விவசாயி ஹா. போஜன்.
என் ஜன்னலுக்குக் கீழே அவர் தோட்டம்.
அந்த ஆலையின் சங்கில்தான்
நான் தினமும் விழிக்கிறேன்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி.
புள்ளிக்குப் பின்னால் வருவதை வெட்டிவிடுகிறது.
இருபத்தெட்டே முக்கால் கிலோ
இருபத்தெட்டாக இறங்கும்.
வெட்டியது கம்பெனி இல்லை. நான்.
அன்றைக்கு என் மேஜையில் தராசு கிடையாது.
முழு எண் பார்க்க அழகாக இருந்திருக்கும்.

விடிந்ததும் ஆலைக்குப் போனேன்.
எடை மேடையில் செலின், காதுவரை மப்ளர்.
"இது இலவசமாவே இருக்குக்கா, பூட்டில்லாம.
நானே மாட்டித் தரேன்."
"சரிம்மா. ராத்திரி நின்னுபோச்சுன்னா
யாருக்குப் போன் பண்றது?
இவங்களுக்கு ஒரு நம்பர் இருக்கு. எடுக்குறாங்க."

எடுத்தவர்கள் யாரை எழுப்பினார்கள் என்று
சொல்ல வாய் வந்தது.
அதற்குள் அடுத்த பிக்கப் வந்துவிட்டது,
நனைந்த சாக்குகளோடு.

அவள் கேட்டதும் நியாயம்தான்.
முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில்,
உத்தரவாதம் எதுவும் இல்லை
என்று எழுதி வைத்தவள் நான்.
அதைப் படித்துவிட்டா
போஜன் சாக்கைத் தூக்கி வைத்தார்?

தராசு சொன்னதெல்லாம் பதிவில் அப்படியே இருந்தது.
செலின் திரையை என் பக்கம் திருப்பினாள்.
கூட்டிப் பார்த்தேன்.
திருத்தத்தோடு ஒரு வரி குறிப்பு எழுதுவது வழக்கம்;
எழுதினேன்:
வெட்டுவது நிறுத்தப்பட்டது.
போஜனுக்குப் பதினொரு கிலோ பாக்கி.

அடுத்த வாரம் பச்சை முகப்பில் புதிய பதிப்பு.
பராமரிப்புக் கட்டணம் தனி.
குறிப்பும் கூடவே போயிருக்கும்,
பூட்டுக்கு உள்ளே,
குன்னூருக்கு, கூடலூருக்கு, இன்னும் எங்கெங்கோ.

எத்தனை ஆலை என்று பிரத்யுஷைக் கேட்டேன்.
எத்தனை தராசு, எத்தனை மழைக்காலம்.
உடனே பதில் போட்டார், நல்ல மனிதர்.
மன்னிக்கவும்,
ரகசியம்.