பதினோரு மாத ஒப்பந்தம்

லிங்கராஜபுரத்து போர் தண்ணீரில்
பருப்பு வேகாது.
வாளி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு,
சீப்பு நிறைய என் முடி.
ஆப்பிரிக்க ஏரிக்காரர்களுக்கு மட்டும்
அது பிறந்த வீட்டுத் தண்ணீர்.

குடிவந்த மூன்றாம் மாதம்
சிவாஜிநகரிலிருந்து அந்தோணிதாஸ்
பையில் கொண்டுவந்தார்:
ஆறு மஞ்சள் மீன், கறுப்புக் கோடு போட்டது.
எலுமிச்சை மிட்டாய் மாதிரி இருக்கே என்றேன்.
மாசி முடிவதற்குள் ஒன்று கறுத்தது.
கறுத்தவன் மற்ற ஆண்கள் இருவரை
தெர்மாமீட்டர் மூலையில் நிறுத்தி
செதில் செதிலாய் உரித்தான்.
விடிந்ததும் வலையில் அள்ளி
கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்தது நான்.

"ஆள் கம்மி, அதுதான் சண்டை"
என்றார் கடைக்கார ஜபியுல்லா.
"இன்னும் பதினைந்து போடுங்க.
கூட்டத்துல எவனுக்கும் எவனையும்
முழுசாக் கொல்ல நேரமிருக்காது."
நான் சிரித்தேன்.
அன்று காலைதான் கல்யாண் நகரில் ஏறி
ஹெப்பால் வரை
ஒற்றைக் காலில் நின்று போயிருந்தேன்.

புதுசு விடும்போது
கல்லையெல்லாம் கலைத்துவிட வேண்டுமாம்.
எந்தக் குகை யாருடையது என்று தெரியாமல்
ஒரு ராத்திரிக்கு எல்லாரும் புதுக்குடி.
ரவுடியும்.
முழங்கை வரை கைவிட்டு மாற்றுவேன்.
என் கட்டைவிரல் நகத்தைக் கொத்துவான்.
வலிக்காது,
ஆனாலும் ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டேன்.

பத்தாம் மாதம் ஒருத்தி
தீனிக்கு மேலே வரவில்லை.
தாடை தொங்க
எதையோ மென்றுகொண்டே இருந்தாள்.
வாய்க்குள் முட்டை.
இருபத்தொரு நாள் பட்டினி என்றார் அந்தோணிதாஸ்,
தானே இருக்கப்போகிறவர் போல.

அதே வாரம் சென்னபசப்பா மாடியேறி வந்தார்.
மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாம்.
சோபாவில் உட்காரவில்லை.
தொட்டியைப் பார்த்தபடி
எத்தனை லிட்டர் என்றார்.
தண்ணீர்க் கணக்கா, தளத்தின் கனமா,
எதற்குக் கேட்டாரோ.
ஐம்பதைக் குறைத்து
இருநூறு என்றேன்.

பன்னிரண்டாம் நாள்
பெயிண்ட் வாளி, பேட்டரி பம்ப்,
வாய்க்கு என் பழைய துப்பட்டா.
ஆட்டோவில் என் மடியில் அவள்.
டின் பேக்டரி நெரிசலில் நாற்பது நிமிடம்.
பள்ளத்துக்குப் பள்ளம் வாளி எகிறியது.
"பயந்தா துப்பிடும், இல்லேன்னா முழுங்கிடும்"
பின்னால் டெம்போவில்
கண்ணாடித் தொட்டியைக் கட்டிப் பிடித்தபடி
போனில் சொன்னார் அவர்.
துப்பட்டாவை விலக்கி
டார்ச் அடித்துப் பார்க்கத் தோன்றியது.
அடிக்கவில்லை.
என்னம்மா, நண்டா? என்றார் டிரைவர்.
ஆமாம் என்றேன்.

கே.ஆர்.புரத்தில் காவேரித் தண்ணீர்.
பருப்பு இரண்டு விசிலில் மலர்ந்தது.
சீப்பு சுத்தம்.
சனிக்கிழமைதோறும்
சோடா உப்பும் பவளத் தூளும் கலந்து
நல்ல தண்ணீரைக் கெடுக்கிறேன்.

கறுத்தவன் முதல் வாரம் வெளுத்துப்போய்
ஹீட்டருக்குப் பின்னால் நின்றான்.
ஒரு கல்லும் பழைய இடத்தில் இல்லை.
இந்தப் பக்கம் நானும்
சுவிட்ச் தேடி
இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன்.

இருபத்துமூன்றாம் நாள்
தனித் தொட்டியில் வாய் திறந்தாள்.
முப்பது வரை வரும் என்றிருந்தார் ஜபியுல்லா.
ஒன்பது வந்தது.
மீதியை டின் பேக்டரியில் விழுங்கியிருப்பாள்.
நான் கணக்குக் கேட்கவில்லை.
முதல் வேளை தீனியை எடுத்தவளுக்கு
தாடையை மூடுவது மறந்துபோயிருந்தது.

ஒன்பதும் மஞ்சள்.
எது கறுக்கும் என்று இப்போது தெரியாது.

மேஜையில் புது ஒப்பந்தம்.
அந்தோணிதாஸ் பேனா தேடுகிறார்.
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது
என்கிறது ஏழாவது ஷரத்து.
திருப்பிப் பார்த்தேன்,
மீனைப் பற்றி ஒன்றும் இல்லை.