குண்டெழுத்து

கணினியில் அதற்கு வேறு பெயர்.
கடைக்கு வருகிறவர்கள் கேட்பது
"அந்தக் குண்டெழுத்துல போடுங்க."

பதினோரு வருடமாய்ச் செவ்வாய்ப்பேட்டையில்
பிளெக்ஸ் அடிக்கிறேன்.
ஒடிசலான எழுத்து, சாய்ந்த எழுத்து,
மீசை முறுக்கி முனை நீட்டும் எழுத்து
எல்லாம் வைத்திருக்கிறேன்.
இது மட்டும்
பந்தியில் எழுந்து வந்து
பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்திக்கொண்டு
உட்கார்ந்திருக்கும்.

முனை கிடையாது. எங்கே தொட்டாலும் குத்தாது.
புள்ளி ஒவ்வொன்றும் வெந்து ஊதிய ஜவ்வரிசி.
ட-வைப் பாருங்கள்,
கறாராய் மூலை மடக்கி நிற்கிற ஆசாமி.
இங்கே அதுவும்
ஏற்காட்டுப் பஸ் கொண்டை ஊசியில் திரும்புகிற மாதிரி
அகலமாய் எடுத்துத் திரும்புகிறது.

தூரத்துக்கென்றே பிறந்தது.
ஐந்து ரோட்டில் சிக்னல் விழுவதற்குள்
ஜன்னலோர சீட்டிலிருந்து படித்துவிடலாம்.
கிட்டே கூப்பிட்டுச் சிறிதாக்கினால்
ண-வின் கண் இடுங்கி மூடிக்கொள்ளும்,
ழ தன் சுழிக்குள்ளேயே மூச்சுத் திணறும்.
விலைப்பட்டியலுக்கு ஆகாது.

ஐஸ்கிரீம், மழலையர் பள்ளி, காதுகுத்து,
மல்கோவா வந்துவிட்டது.
அதற்கெல்லாம் அதுதான்.

ஒருமுறை நகை ஏல அறிவிப்புக்கு
அவசரத்தில் அதையே வைத்துவிட்டேன்.
ஏலம் என்ற சொல்
பிறந்தநாள் கொண்டாடியது.
சங்கச் செயலாளர் சிரிக்கவில்லை.
நாற்பது சதுர அடி, என் கணக்கில்.

மாதையன் தள்ளுவண்டிக்கும் நான்தான் போட்டேன்:
தட்டுவடை செட்.
அவ்வளவு வட்டமான பண்டத்துக்குப்
பெயரில் நாலு ட.
நாலையும் சிவப்பில், மஞ்சள் ஓரம் கட்டி
உருட்டி வைத்ததும் பார்த்துவிட்டு
"எழுத்து நல்லா உப்பியிருக்கு" என்றார்.
பாதிப் பணம் தந்தார்.
மீதி
பீட்ரூட் தூக்கலாய், பச்சைச் சட்னி தூக்கலாய்
மூன்று மாதம் வந்துகொண்டிருந்தது.

போன ஆடியில் அவர் மகள் பூங்காவனம் வந்தாள்.
கண்ணீர் அஞ்சலி, ஆறுக்கு நாலு.
"வண்டியில இருக்கிற அதே எழுத்து."

துக்கத்துக்கு அது பொருந்தாதும்மா என்றேன்.
ஒடிசலான ஒன்றைக் காட்டினேன்,
கைகட்டி ஓரமாய் நிற்குமே, அதை.
பார்த்தாள்.
"யாரோ மாதிரி இருக்கு" என்றாள்.

வைத்தேன்.
கண்ணீரில் ணீ
மேல்சுழியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு
கன்னம் உப்ப நின்றது.
இடைவெளியைக் கூட்டினேன், குறைத்தேன்.
சிவப்பை எடுத்துவிட்டுக் கருநீலம் ஊற்றினேன்.
எதைச் செய்தும்
அதன் முகம் தொங்கவில்லை.
மணி ஒன்பதரை. அப்படியே அடித்தேன்.

அம்மாப்பேட்டையில் வண்டி நின்ற இடத்தில்
இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டியிருந்தார்கள்.
மறுநாள் சாயங்காலம்
ஸ்கூட்டரில் வந்த ஒருவர்
தூரத்திலேயே எழுத்தைப் பார்த்து
இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி,
ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே
"ரெண்டு செட்" என்று வாயெடுத்து

படித்தார்.